ரத்தத்தில் மனதைத் தேட வேண்டாம்

டோபமைன் என்ற பெயர் மருத்துவப் புத்தகத்தை விட்டு இறங்கி வீதிக்கு வந்துவிட்டது. ரீல்ஸ் பார்த்தால் டோபமைன், பிரியாணி சாப்பிட்டால் டோபமைன், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் டோபமைன் என்று சொல்லாத யூடியூப் சேனல் குறைவு. பேச்சோடு நின்றிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பேச்சின் பின்னாலேயே வியாபாரமும் வந்திருக்கிறது. ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள நரம்பு வேதிப்பொருட்களை அளந்து உங்கள் மனநிலையைச் சொல்கிறோம் என்னும் பரிசோதனைத் தொகுப்புகள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக விற்கப்படுகின்றன. நம் ஊரிலும் இணையத்தில் ‘டோபமைன் டெஸ்ட்’ என்று தட்டினால் விலையோடு வந்து நிற்கிறது. எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, எந்நேரமும் படபடப்பு என்று தவிப்பவர், ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் காரணம் தெரிந்துவிடும் என்று நம்புவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு உடலியலில் ஆதாரம் கிடையாது. ரத்தத்தில் ஓடும் டோபமைனுக்கும் ஒருவர் படும் மன அழுத்தத்துக்கும் இடையே, பரிசோதனைக்கு உதவும் அளவுக்கு உறவு இல்லை. அதை மனதின் அளவுகோலாக விற்பது தவறு, வாங்குவது வீண் என்பதே என் வாதம்.

இந்தப் பொருளின் வரலாறே இதற்கு முதல் சாட்சி. 1910-இல் லண்டனின் வெல்கம் ஆய்வகத்தில் ஜார்ஜ் பார்ஜரும் ஜேம்ஸ் யூவென்ஸும் டோபமைனைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதைச் சோதித்த ஹென்றி டேல், அட்ரினலினைப் போல ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, ஆனால் வலு குறைவு என்று கண்டார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல், நார் அட்ரினலின் உருவாகும் வழியில் வந்துபோகும் இடைப்பொருள் என்பதைத் தாண்டி அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. 1957-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ரத்தக் கொதிப்புக்கு அன்று உலகெங்கும் கொடுக்கப்பட்ட மருந்து அது. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. எல்-டோப்பா என்ற முன்பொருளை ஊசியாகப் போட்டதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. டோபமைனையே ஏன் போடவில்லை? போட்டால் பயனில்லை. ரத்தத்துக்கும் மூளைத் திசுவுக்கும் இடையில் நுண்குழாய்ச் சுவர்களால் ஆன தடை ஒன்று உண்டு. அதை எல்-டோப்பா கடக்கும், டோபமைன் கடக்காது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 1961 முதல் இன்று வரை எல்-டோப்பா கொடுக்கப்படுவதும், அது வழியிலேயே டோபமைனாக மாறிக் குமட்டலை உண்டாக்காதிருக்க கார்பிடோப்பாவையும் சேர்த்துக் கொடுப்பதும் இதனால்தான். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவர் முயல்கள் காட்டிய உண்மையை ஆய்வக விளம்பரங்கள் இன்னும் கேள்விப்படவில்லை போலும்.

மூளை டோபமைன் ரத்தத்துக்கு வந்து சேராது என்றால், ரத்தத்தில் இருப்பது எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வயிற்றுப் பக்கத்திலிருந்து வருகிறது. உடலில் உருவாகும் டோபமைனில் ஏறத்தாழ பாதி, குடல் முதலான வயிற்றறை உறுப்புகளில் உண்டாகிறது என்பதை 1990-களில் ஐசன்ஹோஃபர், கோல்ட்ஸ்டீன் முதலிய அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடல் சுவரே அதனுடன் சல்ஃபேட்டைப் பிணைத்துச் செயலற்றதாக்கி ரத்தத்தில் விடுகிறது. ஆகவே ரத்தத்தில் சுற்றும் டோபமைனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படிக் கட்டுண்ட நிலையில்தான் இருக்கிறது. கட்டுப்படாத டோபமைனின் அளவு ஒரு மில்லி லிட்டர் ரத்த நீரில் பொதுவாக 30 பிகோகிராமுக்கும் குறைவு. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அதுவும் ஓரிரு நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடும். வாழைப்பழத்தில் டோபமைன் உண்டு. இரண்டு பழம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் சல்ஃபேட் வடிவ டோபமைன் உயர்ந்திருக்கும். மனம் உயர்ந்திருக்காது.

சிறுநீரில் அளப்பதும் இதே கதைதான், சொல்லப்போனால் இன்னும் சுவையான கதை. சிறுநீரில் ஒரு நாளில் வெளியேறும் டோபமைன் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் வரை போகும். நார் அட்ரினலினைவிடப் பல மடங்கு அதிகம். இதில் மிகுதியும் மூளையிலிருந்தோ நரம்புகளிலிருந்தோ வருவதில்லை, சிறுநீரகமே தயாரிப்பது. ரத்தத்தில் வரும் எல்-டோப்பாவைச் சிறுநீரகத்தின் நுண்குழல் செல்கள் இழுத்து, அங்கேயே டோபமைனாக மாற்றிக்கொள்கின்றன. அதன் வேலை உப்பை வெளியேற்றுவது. சோடியத்தைத் திரும்ப உடலுக்குள் இழுக்கும் இயக்கத்தை அது தணிக்கிறது, மிகுதி உப்பு சிறுநீரோடு போகிறது. ஊறுகாயும் கருவாடும் தாராளமாகத் தின்ற நாளில் சிறுநீர் டோபமைன் ஏறுவது இந்தக் காரணத்தால். இந்தப் பொறி சரியாக ஓடாதபோது ரத்தக் கொதிப்புக்கு வழி பிறக்கிறது என்று நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளுக்கு 5 கிராம் வரம்பைச் சர்வசாதாரணமாகத் தாண்டி உப்பு உண்ணும் நாட்டில், டோபமைனைப் பற்றி உண்மையில் பேச வேண்டிய இடம் இதுதான். ஆனால் சிறுநீரகத்தின் உப்புக் கணக்கைச் சொல்லும் காணொளியை யார் பார்க்கப் போகிறார்கள்!

ரத்த டோபமைன் மனநிலையை மாற்றும் என்பவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவை எட்டிப் பார்க்கலாம். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்தவர்களுக்கு டோபமைனை நாளம் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவது பல பத்தாண்டுப் பழக்கம். அப்போது ரத்தத்தில் அதன் அளவு இயல்பைவிடப் பல நூறு மடங்கு ஏறுகிறது. யாருக்கும் உற்சாகம் பொங்குவதில்லை. இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது, அளவு கூடினால் நாளங்கள் சுருங்குகின்றன, சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. 1,679 நோயாளிகளை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், டோபமைன் பெற்றவர்களில் 24.1 விழுக்காட்டினருக்கும் நார் அட்ரினலின் பெற்றவர்களில் 12.4 விழுக்காட்டினருக்கும் துடிப்புக் கோளாறு வந்தது. அதன் பிறகு மருத்துவர்கள் டோபமைனைப் பின்னுக்குத் தள்ளினார்கள். எதிர்ப்பக்கச் சான்று நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே உண்டு. வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் டோம்பெரிடோன், டோபமைனின் செயலைத் தடுக்கும் மருந்துதான். மூளைத் தடையை அது பெரும்பாலும் கடப்பதில்லை. அதனால்தான் உடலெங்கும் டோபமைனுக்கு முட்டுக்கட்டை போட்டும், விழுங்கியவர் வாழ்க்கையில் பிடிப்பிழந்து உட்கார்ந்துவிடுவதில்லை. வெளியே கூட்டினாலும் குறைத்தாலும் உள்ளே மனம் அசையவில்லை என்றால், வெளியே அளந்து உள்ளதைச் சொல்வது எப்படி? தெருச் சாக்கடை நீரை மொண்டு பார்த்து, எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று குறி சொல்வதற்கு ஒப்பான வேலை அது.

மன அழுத்தத்துக்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்பது நூறாண்டுக்கு மேலாக ஆராயப்பட்ட பொருள். அச்சமும் சினமும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, மோதவோ ஓடவோ உடலை ஆயத்தமாக்குகின்றன என்று வால்டர் கேனன் 1915-இல் நூலாகவே எழுதினார். காரணம் எதுவானாலும் நீடித்த துன்பம் உடலில் ஒரே மாதிரியான சேதத்தை விளைவிக்கிறது என்ற கருத்தை 1936-இல் ஹான்ஸ் செல்யே முன்வைத்தார். இன்று நாம் அறிந்தது இவ்வளவு: பரிவு நரம்புகள் நொடிகளில் நார் அட்ரினலினை விடுகின்றன. அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. சில நிமிடங்கள் கழித்து அதன் புறப்பகுதியிலிருந்து கார்டிசால் எழுந்து, அரை மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. இந்த நாடகத்தில் ரத்த டோபமைனுக்குக் கிடைப்பது கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேடம். நார் அட்ரினலினைத் தயாரிக்கும் வழியில் நரம்பு முனைகளிலிருந்து கொஞ்சம் கசிகிறது, அவ்வளவுதான்.

மூளைக்குள் கதை வேறு. ஆனால் அங்கும் டோபமைன் மகிழ்ச்சியின் மறுபெயர் இல்லை. 1976-இல் பிரெஞ்சு ஆய்வாளர் தியெரியும் குழுவினரும் எலிகளின் காலில் மின்னதிர்ச்சி கொடுத்தபோது, மூளையின் முன்புறணியில் டோபமைன் செயல்பாடு ஏறியது. மின்னதிர்ச்சியில் என்ன மகிழ்ச்சி? 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டது இன்னும் தெளிவானது. எதிர்பாராமல் கிடைத்த பழச்சாற்றுக்கு டோபமைன் செல்கள் துள்ளின. அதே சாறு எதிர்பார்த்தபடி கிடைத்தபோது சும்மா இருந்தன. எதிர்பார்த்தது கிடைக்காதபோது அடங்கின. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவை கணக்கிடுகின்றன. விரும்புவது வேறு, இன்புறுவது வேறு, டோபமைன் முன்னதோடு தொடர்புடையது என்று கென்ட் பெரிட்ஜ் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகிறார். இவையெல்லாம் மூளையின் குறிப்பிட்ட சில பகுதிகளில், நொடியின் சிறு பின்னங்களில் நிகழ்பவை. மொத்த மூளைக்கும் சேர்த்து ‘உங்கள் டோபமைன் அளவு இவ்வளவு’ என்று ஒரே எண் சொல்வதற்கே பொருள் இல்லை. கையிலிருந்து எடுத்த ரத்தத்தை வைத்துச் சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். மன அழுத்தத்தின்போது ரத்த டோபமைன் மாறுவதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டே என்பார்கள். உண்டு. பரிவு நரம்புகள் முடுக்கப்படும்போது சிறிதளவு உயர்வதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரி நகர்வதும், ஒரு தனி மனிதரின் நிலையை ஓர் எண்ணிலிருந்து படிப்பதும் வேறு வேறு காரியங்கள். இந்த வகைப் பொருட்களை அளப்பதற்கே எவ்வளவு கெடுபிடி தேவை என்று பாருங்கள். முறையாகச் செய்யும் ஆய்வகத்தில் நாளத்தில் ஊசியைப் பொருத்திவிட்டு, இருபது முப்பது நிமிடம் அமைதியாகப் படுக்க வைத்து, அதன் பிறகே ரத்தம் எடுப்பார்கள். படுத்திருந்தவர் எழுந்து நின்றாலே ஐந்து நிமிடத்தில் நார் அட்ரினலின் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். காபி, சிகரெட், சளி மருந்து, மனச்சோர்வு மாத்திரை, ஊசியைக் கண்ட பயம் எல்லாமே முடிவைப் புரட்டும். காலையில் பேருந்தில் நெரிபட்டு வந்து, டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று கைநீட்டுபவரின் ரத்தம் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசும். அவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசாது.

அப்படியானால் இந்தப் பரிசோதனையே மோசடியா என்றால், இல்லை. அட்ரினல் சுரப்பியிலும் அதையொத்த நரம்பு முடிச்சுகளிலும் அரிதாகச் சில கட்டிகள் வரும். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயும் உண்டு. இவற்றைக் கண்டுபிடிக்கவும் பின்தொடரவும் இந்த வேதிப்பொருட்களையும், அவை சிதைந்து உண்டாகும் பொருட்களையும் அளப்பது மருத்துவத்துக்கு இன்றியமையாத உதவி. இதிலும் நம் வாதத்துக்கு ஒரு சான்று ஒளிந்திருக்கிறது. டோபமைனை மட்டும் மிகுதியாகச் சுரக்கும் அரிய கட்டிகள் சில உண்டு. அவற்றை உடையவர்கள் ஆனந்தத்தில் மிதப்பதில்லை. பலருக்கு அறிகுறியே இருக்காது, சிலருக்குக் குமட்டலும் எடை இழப்பும் வரும், அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. மன வேதனையை ‘எல்லாம் உன் நினைப்புதான்’, ‘வேலையில்லாதவனுக்கு வருகிற வியாதி’ என்று ஒதுக்கும் சமூகத்தில், அச்சடித்த தாளில் ஓர் எண் இருந்தால் குடும்பமும் முதலாளியும் நம்புவார்கள். நோயாளிக்கு மரியாதை கிடைக்கும். எனவே அறிவியல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பயன் உண்டு என்பது அது. இந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் எண்ணை நம்பி வழக்காடுபவர் எண்ணாலேயே தோற்பார். டோபமைன் சரியாக இருக்கிறது என்று தாள் சொன்னால், ‘பார்த்தாயா, உனக்கு ஒன்றுமில்லை’ என்று அதே குடும்பம் வாயடைக்கும். உண்மையில் தவிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த எண் இயல்பாகத்தான் இருக்கும். மனநோயை ரத்தத்தில் படிக்கும் ஆசை புதிதுமல்ல. 1981-இல் பெர்னார்ட் கேரலும் அவர் குழுவினரும், இரவில் டெக்சாமெதசோன் கொடுத்து மறுநாள் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்த்தால் கடும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். மனநல மருத்துவத்துக்கு ஆய்வகச் சோதனை கிடைத்துவிட்டது என்று உலகம் துள்ளியது. சில ஆண்டுகளிலேயே, எடை இழந்தவர்களுக்கும் குடியை நிறுத்தியவர்களுக்கும் வேறு மனநோய் உள்ளவர்களுக்கும் அதே முடிவு வருவது தெரிந்தது. நோயைக் கண்டறியும் பொதுச் சோதனை என்ற தகுதியை அது இழந்தது. மன அழுத்தத்தோடு நேரடித் தொடர்புள்ள கார்டிசாலுக்கே இந்த நிலை என்றால், ஓரமாக நிற்கும் டோபமைனை நம்பி என்ன செய்ய?

தவறான எண் தவறான மருந்துக்கும் வழிவிடுகிறது. டோபமைன் குறைவு என்று தாள் சொன்னதும் கடைசியில் கை போவது ‘டோபமைன் பூஸ்டர்’ மாத்திரைக்கு. அவற்றில் பலவற்றில் இருப்பது பூனைக்காலி விதை. நாட்டு மருத்துவத்தில் பழகிய விதைதான், பழகியது என்பதால் விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. அதில் உண்மையான எல்-டோப்பா இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் அது வேலை செய்வதைச் சிறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. வேலை செய்யும் பொருள் என்பதுதான் எச்சரிக்கைக்குக் காரணம். மருந்து அளவில் எல்-டோப்பா குமட்டலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் தரும், சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஆபத்தாக ஏற்றும். வயிற்றின் டோபமைனை அளந்துவிட்டு மூளையின் டோபமைனை ஏற்றும் இந்த வைத்தியத்துக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை.

மன அழுத்தத்தை அளக்கவே முடியாதா? முடியும், கேட்டால். உங்கள் வாழ்க்கை உங்கள் கைப்பிடியில் இருப்பதாக உணர்கிறீர்களா, சேர்ந்துவிட்ட தொல்லைகள் உங்கள் சக்தியை மீறிவிட்டனவா என்ற வகையில் ஷெல்டன் கோஹன் 1983-இல் தொகுத்த கேள்விப் பட்டியல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. செலவு ஒரு தாளும் பேனாவும். அந்தக் கேள்விகள் ஏன் வேலை செய்கின்றன என்பதற்கு ஆய்வகத்திலேயே விடை உண்டு. கார்டிசாலை அதிகம் ஏற்றுவது எது என்று 208 ஆய்வுகளைத் தொகுத்து டிக்கர்சனும் கெமனியும் 2004-இல் பார்த்தார்கள். வேலையின் கடினம் முதலிடம் பெறவில்லை. விளைவு தன் கையில் இல்லை என்ற நிலையும், பிறர் தன்னை எடைபோடுகிறார்கள் என்ற நிலையும் ஒன்று சேர்ந்தபோதுதான் உடல் மிகக் கடுமையாகப் பதில் சொன்னது. லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வும் இதே திசையைக் காட்டியது. கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. பின்னர் நடந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், தன் வேலையில் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது இதயத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. மன அழுத்தத்தை ஒருவரின் ரத்தக் குறைபாடாகக் காட்டுவதில் உள்ள பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. விற்பனை இலக்கை இரவு பத்து மணிக்கு மாற்றி அனுப்பும் மேலாளரும், மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையை வகுப்பில் நிறுத்தி வைத்துப் பேசும் ஆசிரியரும் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள். ஊழியரின் டோபமைன் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

ஆகவே உங்களுக்கோ வீட்டாருக்கோ யாராவது டோபமைன் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், எந்தக் கட்டியைச் சந்தேகிக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அதற்குப் பதில் இருந்தால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். பதில் இல்லாமல் மனநிலை, ஊக்கம், ஸ்ட்ரெஸ் என்று பேச்சு போனால் அந்தப் பணத்தைப் பையிலேயே வையுங்கள். தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் ரத்த அழுத்தத்தையும் தைராய்டையும் சர்க்கரையையும் பாருங்கள், பிறகு மனநல மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.